கிராஜுவேஷன் மாடல்னா என்ன? வறட்சி பூமியில மேய்ச்சல் குடும்பத்து பெண்கள் கையில காசு நிக்கிறது எப்படி

வடக்கு கென்யாவுல மார்சபிட்னு ஒரு கவுண்டி இருக்கு. கவுண்டினா மாவட்டம்னு வச்சுக்கோங்க, ஆனா பரப்பளவுல தமிழ்நாட்டுல பாதிக்கு மேல வரும், ஜனம் என்னவோ 2019 சென்சஸ் படி வெறும் 4.6 லட்சம் தான். ஏன் இவ்ளோ கம்மினா அங்க பயிர் வைக்கிற அளவுக்கு மழை கிடையாது. மார்சபிட் மலையும் அத ஒட்டின கொஞ்ச இடமும் பச்சையா இருக்கும், மிச்சமெல்லாம் கருங்கல்லும் முள்ளுமரமும், இன்னும் தள்ளிப் போனா சால்பி பாலைவனம். அந்த மண்ணுல மனுஷன் பொழைக்கிற வழி, மழை எங்க பெஞ்சுதோ அங்க ஆடு மாடு ஒட்டகத்த ஓட்டிட்டுப் போறது தான். ரெண்டிலே, காப்ரா, போரானா, சாம்புரு, துர்கானா, இப்படி பல இனத்துக்காரங்க காலங்காலமா அத தான் பண்றாங்க, அது ஒண்ணும் பின்தங்கின பழக்கம் இல்ல, அந்த பூமிக்கு அத விட புத்திசாலித்தனமான தொழில் வேற இல்லன்னு தான் நான் சொல்லுவேன்.

பிரச்சனை என்னன்னா வருஷத்துக்கு ரெண்டு மழை, மார்ச்ல இருந்து மே வரைக்கும் ஒண்ணு, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஒண்ணு. ஒண்ணு பொய்ச்சா சமாளிச்சுக்கலாம், ரெண்டு பொய்ச்சா கஷ்டம். 2020 கடைசில ஆரம்பிச்சு வரிசையா அஞ்சு மழை பொய்ச்சுப் போச்சு, நாப்பது வருஷத்துல காணாத வறட்சி, கென்யாவுல மட்டும் 25 லட்சத்துக்கு மேல கால்நடை செத்துது. அங்க கால்நடை தான் சம்பளம், அது தான் பேங்க், அது தான் கல்யாணச் சீர், அதனால மந்தை போச்சுன்னா ஒரு குடும்பத்துக்கு எல்லாமே ஒரே நேரத்துல போயிடும்.

சரி இதுல ஏன் பெண்கள பத்தி தனியா பேசணும், வறட்சி எல்லாருக்கும் தான வருதுன்னு கேக்கலாம். அங்க மந்தை ரெண்டா பிரியும். பெரும்பகுதிய எளவட்டப் பசங்க தூரத்து மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போயிடுவாங்க, அந்த தற்காலிக முகாமுக்கு ஃபோரான்னு பேரு, சில நேரம் மாசக்கணக்குல திரும்ப மாட்டாங்க. குடியிருப்புல இருக்கறது பெண்கள், குழந்தைங்க, வயசானவங்க, கூட பால் கறக்க நாலஞ்சு ஆடு. வழக்கப்படி மாட்ட விக்கிற முடிவு புருஷனோடது, பால் மட்டும் தான் பொண்டாட்டி பங்கு, குடிக்கிறது போக மிச்சத்த வித்தா அவ கைக்காசு. இப்ப யோசிங்க, காஞ்சு போற சமயத்துல முதல்ல நிக்கிறது பால் தான், மாடு சாகறதுக்கு ரொம்ப முன்னாடியே மடி வத்திடும். அதாவது வறட்சின்னு கவர்மென்ட் அறிவிக்கிறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே அவளோட வருமானம் பூஜ்யம் ஆயிடுது, தண்ணி எடுக்க நடக்குற தூரம் மட்டும் கூடிட்டே போகும்.

அப்புறம் சந்தை. பஞ்சம் வந்தா எல்லாரும் ஒரே வாரத்துல ஆட்ட விக்க வர்றாங்க, ஆடும் எலும்பும் தோலுமா இருக்கும், விலை தரைக்கு வந்துடும், அதே சமயம் தெக்க இருந்து லாரில வர்ற மக்காச்சோள மாவு விலை ஏறிக்கிட்டே இருக்கும். விக்கிறது மலிவு, வாங்குறது கிராக்கி. ரெண்டு பக்கமும் அடி.

இதுக்கு வழக்கமா மூணு வைத்தியம் சொல்லுவாங்க. ஒண்ணு நிவாரண மூட்டை, உசுர காப்பாத்தும், அதுக்கு மேல ஒண்ணும் பண்ணாது, அடுத்த வறட்சில அதே ஆளு அதே வரிசைல நிப்பாங்க. ரெண்டாவது, செத்த ஆட்டுக்கு பதிலா புது ஆடு குடுக்குறது. நல்லது தான், ஆனா மேய்ச்சல் இல்லாம செத்த ஊருக்கு மறுபடியும் ஆட்ட மட்டும் குடுத்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. மூணாவது கடன், மைக்ரோபைனான்ஸ். இது தான் பாக்க ரொம்ப நியாயமா தெரியும். ஆனா அடுத்த வேளைக்கு மாவு இல்லாத வீட்டுல கடனா 5,000 ஷில்லிங் (ஷில்லிங் தான் கென்யா நாணயம்) குடுத்தா அது தொழிலுக்கு போகுமா, விதை நெல்லு நேரா உலைக்கு தான் போகும், அப்புறம் தவணைக்கு ஆள் வந்து நிக்கும்.

இந்த விஷயத்த முதல்ல சரியா புடிச்சது ஆப்பிரிக்கா இல்ல, பங்களாதேஷ். அங்க ஃபஸ்லே ஹசன் ஆபேத் ஆரம்பிச்ச பிராக்னு ஒரு பெரிய நிறுவனம், மைக்ரோ கடன்ல பழம் தின்னு கொட்டை போட்டவங்க. அவங்களே தான் பாத்தாங்க, நம்ம கடன் ஏழைகளுக்கு போகுது, ஆனா ஏழைகள்லயே அடிமட்டத்துல இருக்கறவங்களுக்கு போகவே இல்ல, அவங்க கடன் வாங்கவே பயப்படுறாங்க, குழுவுல இருக்கற மத்தவங்களும் அவங்கள சேத்துக்க மாட்டேங்குறாங்க. அதனால 2002ல அவங்களுக்குன்னே தனியா ஒரு திட்டம் போட்டாங்க. ரெண்டு வருஷம் கூடவே நின்னு தூக்கி விடுறது, அதுக்கப்புறம் அவங்க சொந்த கால்ல நிப்பாங்க, படிச்சு முடிச்சு வெளிய போற மாதிரி. அதனால தான் கிராஜுவேஷன்னு பேரு.

அதுக்குள்ள என்ன இருக்குன்னா, முதல்ல கொஞ்ச மாசத்துக்கு சாப்பாட்டு செலவுக்கு சின்ன தொகை, மேல சொன்ன மாதிரி விதை நெல்லு உலைக்கு போகாம இருக்க. அது கூடவே தொழில் பண்ண ஒரு சொத்து, மாடோ ஆடோ கடைச் சரக்கோ, இது கடன் இல்ல, சும்மாவே குடுக்கறது. அந்த தொழில எப்படி நடத்துறதுன்னு பயிற்சி. சேமிக்க ஒரு வழி. இதெல்லாத்துக்கும் மேல வாரமோ மாசமோ வீட்டுக்கு வந்து பாத்துப் பேசிட்டுப் போற ஒரு ஆளு. தனித்தனியா பாத்தா இதுல ஒண்ணு கூட புதுசு இல்ல, எல்லாத்தையும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்துல குடுக்கணும்ங்கறது தான் இதுல புதுசு. சொத்து மட்டும் குடுத்தா வித்து சாப்பிடுவாங்க, பயிற்சி மட்டும் குடுத்தா கையில முதல் இல்ல, சேமிக்க மட்டும் சொன்னா எத சேமிக்கிறது.

இத அப்படியே தூக்கிட்டு வந்து மார்சபிட்ல போட முடியாது. பங்களாதேஷ்ல மாடு குடுத்தாங்க, அங்க புல்லும் தண்ணியும் இருக்கு. இங்க குடும்பம் விழுந்ததே மாடு செத்ததால தான. போமான்னு ஒரு நிறுவனம், கேத்லீன் கோல்சன்ங்கற அமெரிக்கப் பெண்மணி ஆரம்பிச்சது, மார்சபிட்லயும் பக்கத்து சாம்புரு கவுண்டிலயும் இந்த மாடல அந்த ஊருக்கு ஏத்த மாதிரி மாத்தினாங்க. அவங்க பண்ண பெரிய மாற்றம் ரெண்டு. ஒண்ணு, சொத்துக்கு பதிலா சின்ன வியாபாரத்துக்கான முதல், அத ரெண்டு தவணையா தர்றாங்க, ஆரம்பத்துல ஒண்ணு, ஆறு மாசம் கழிச்சு வியாபாரம் நடக்குதான்னு பாத்துட்டு இன்னொண்ணு. மொத்தமே சில நூறு டாலர் தான். ரெண்டாவது, ஒருத்திக்கு தனியா குடுக்காம மூணு பெண்கள சேர்த்து ஒரு கடை.

ஏன் மூணு? இது எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம், கொஞ்சம் விரிவாவே சொல்றேன். அந்த ஊர்ல கடைங்கறது என்னன்னு மனசுல கொண்டு வாங்க, குச்சியும் தகரமும் வச்சு கட்டின ஒரு சின்ன கூடு, உள்ள ஒரு மூட்டை சக்கரை, ஒரு மூட்டை மக்காச்சோள மாவு, கொஞ்சம் பீன்ஸ், சமையல் எண்ணெய், சோப்பு, தேயிலைத்தூள், தீப்பெட்டி. யாரும் கிலோ கணக்குல வாங்குற நிலைமைல இல்ல, அதனால மூட்டைய பிரிச்சு சின்னச் சின்ன பொட்டலமா கட்டி விக்கணும், லாபமே அந்த பொட்டலத்துல தான் இருக்கு. சரக்கு தீந்தா யாராவது ஒருத்தி லாரி புடிச்சு டவுனுக்கு போகணும், போயிட்டு வர ஒரு நாளோ ரெண்டு நாளோ ஆகும். இன்னொருத்திக்கு தண்ணி எடுக்கற முறை வந்திருக்கும், அரை நாள் போச்சு. அதே நேரத்துல குழந்தைக்கு ஜுரம். ஒத்தை ஆளா இருந்தா கடைய சாத்த வேண்டியது தான், நாலு நாள் சாத்தின கடைக்கு அஞ்சாவது நாள் யாரும் வர மாட்டாங்க. மூணு பேருன்னா யாராவது ஒருத்தி கடைல இருப்பா. இன்னொண்ணும் இருக்கு, புருஷனோ மச்சினனோ வந்து காசு குடுன்னு கை நீட்டினா, இது என் காசு இல்ல, மூணு பேரோட காசுன்னு சொல்ல ஒரு வாய்ப்பு. உலகத்துல எல்லா ஊர்லயும் பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி ஒரு சாக்கு தேவைப்படுது.

மூணு பேர் கடைகள் நாலஞ்சு சேர்ந்து ஒரு சேமிப்புக் குழு ஆகும். இந்த சேமிப்புக் குழு ஐடியா ஆப்பிரிக்காவுலயே பொறந்தது, 1991ல நைஜர் நாட்டுல மராடி பக்கம் கேர்ங்கற சர்வதேச உதவி நிறுவனம் ஆரம்பிச்சு வச்சது, அதுவும் சஹேல்னு சொல்ற, சஹாராவுக்கு தெக்க இருக்கற வறட்சி பூமி தான். பொதுவா ஒரு இரும்புப் பெட்டி, அதுக்கு மூணு பூட்டு, மூணு சாவியும் மூணு வேற வேற ஆளுங்க கிட்ட, எல்லார் கண்ணு முன்னாடியும் தான் திறப்பாங்க. அதுல இருந்து உறுப்பினருங்களுக்கு கடன் குடுப்பாங்க, வட்டி குழுவுக்கே வரும், வருஷக் கடைசில பிரிச்சுக்குவாங்க. நம்ம ஊர் மகளிர் குழு இருக்கே, 1989ல தர்மபுரில ஐ.நா.வோட விவசாய நிதி அமைப்பு உதவியோட ஆரம்பிச்சது, அத தெரிஞ்சவங்களுக்கு இது உடனே புரியும். வித்தியாசம் என்னன்னா நம்ம குழு பேங்க் கடன் வாங்குறத நோக்கி போகும், அங்க பல இடத்துல பக்கத்துல பேங்கே கிடையாது, 2007ல வந்த எம்-பெசா மொபைல் பணம் தான் பேங்குக்கு மாத்து, சேமிப்பெல்லாம் பெட்டிக்குள்ளயே சுத்தும்.

யாரை சேர்க்கணும்னு எப்படி முடிவு பண்றாங்கன்னு கேட்டா, ஆபீஸ்ல உக்காந்து லிஸ்ட் போடறது இல்ல. ஊர் மக்கள கூப்பிட்டு உக்கார வச்சு, எது வசதியான வீடு, எது நடுத்தரம், எது ரொம்ப கஷ்டம்னு அவங்களையே பிரிக்கச் சொல்றது, பிராக் காலத்துல இருந்து இதே முறை தான். யார் வீட்டுல அடுப்பு எரியலங்கறது ஊருக்குத் தெரியாதா. ஆனா செல்வாக்கான ஆளுங்க சொந்தக்காரங்கள நுழைக்கப் பாப்பாங்க, அதனால அப்புறம் வீடு வீடா போய் ஒரு தடவ சரி பாக்கணும். அந்த வேலைய பாக்கறது பெரும்பாலும் மென்டர், அதே பகுதிய சேர்ந்தவர், அதே பாஷை பேசறவர். என்ன கேட்டா மொத்த திட்டத்துலயும் உசுரே இந்த மென்டர் தான், கணக்கு எழுதத் தெரியாதவங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுத்து, மூணு பேருக்குள்ள சண்டை வந்தா தீர்த்து வச்சு, கடன் பாக்கி வராம முழிக்கறப்போ வழி சொல்லி, குழந்தைக்கு தடுப்பூசி போட்டாச்சான்னு வரைக்கும் கேட்டுட்டுப் போவாங்க.

இது வேலை செய்யுதான்னா, பொதுவா கிராஜுவேஷன் மாடலுக்கு இருக்கற அளவுக்கு ஆதாரம் வறுமை ஒழிப்புல வேற பல திட்டத்துக்கு கிடையாது. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு, இந்த ஆறு நாட்டுல பத்தாயிரத்துக்கு மேல ஆளுங்கள வச்சு சோதிச்ச ஆய்வு 2015ல சயன்ஸ் இதழ்ல வந்தது, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ எல்லாம் அதுல இருந்தாங்க, பின்னால 2019ல நோபல் வாங்கினாங்களே அவங்க தான். குலுக்கல் முறைல சிலருக்கு திட்டம் குடுத்து சிலருக்கு குடுக்காம, ரெண்டு தரப்பையும் ஒப்பிட்டாங்க, திட்டம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சும் சாப்பாடு, சொத்து, வருமானம் எல்லாம் கூடி இருந்தது. மேற்கு வங்காளத்துல முர்ஷிதாபாத் பக்கம் பந்தன் நிறுவனம் நடத்தினதுல பத்து வருஷம் கழிச்சு போய் பாத்தப்பவும் பலன் நின்னுச்சு. ஆனா எல்லா இடத்துலயும் இல்ல. ஹோண்டுராஸ்ல கோழி குடுத்தாங்க, சீக்கு வந்து கோழியெல்லாம் செத்துப் போச்சு, செலவு பண்ண காசு கூட திரும்பல. நம்ம பக்கத்து தெலங்கானாவுல மேடக் மாவட்டத்துல நடந்த ஒண்ணுல பலனே தெரியல, ஏன்னா அந்த நேரம் கூலி வேலைலயே நல்ல காசு வந்துச்சு, திட்டத்துல இல்லாதவங்களும் அதே அளவு முன்னேறிட்டாங்க. கூலி வேலை பெருசா இல்லாத மார்சபிட் மாதிரி ஊருக்கு இந்த மாடல் ஏன் அதிகமா தேவைங்கறதுக்கு அது ஒரு காரணம்.

மேய்ச்சல் சமூகத்துலயே ஒரு பழைய உதாரணம் இருக்கு, இதுல இலவச முதல் கூட கிடையாது. கென்யா எல்லைய தாண்டினா தெற்கு எத்தியோப்பியா, போரானா பகுதி. அங்க 2000ம் வருஷத்துக்கு அப்புறம் சில ஆராய்ச்சியாளருங்க பண்ணது ரொம்ப சிம்பிள், எத்தியோப்பிய பெண்கள வண்டில ஏத்தி வடக்கு கென்யாவுல ஏற்கனவே நல்லா ஓடிட்டு இருந்த பெண்கள் குழுக்கள பாக்க கூட்டிட்டுப் போனாங்க. அங்க இருந்தவங்களும் இவங்கள மாதிரியே மேய்ச்சல் குடும்பம், அதே பாஷை பேசறவங்களும் உண்டு, படிக்காதவங்க, ஆனா சேமிச்சு, கடை வச்சு, பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு இருந்தாங்க. எந்த ஆபீசர் வந்து கிளாஸ் எடுத்தாலும் வராத நம்பிக்கை தன்ன மாதிரி ஒருத்திய பாத்தா வந்துடும். திரும்பி வந்து 59 குழுக்கள், 2,300 பேர், அதுல முக்கால்வாசி பெண்கள், எழுதப் படிக்க கத்துக்கிட்டு, சேமிச்சு, அந்த சேமிப்புல இருந்தே கடன் வாங்கி, ஆடு வாங்கி விக்கிற வியாபாரம் வரைக்கும் போனாங்க. நடுவுல வறட்சியும் வந்துச்சு, குழுக்கள் கலையாம தாக்குப் புடிச்சுது. 2011ல இதுவும் சயன்ஸ் இதழ்ல வந்துச்சு.

இனி சிக்கல். கடைக்கு வர்ற கஸ்டமர் யாரு, அதே மேய்ச்சல்காரங்க. வறட்சில அவங்க கிட்ட காசு இல்ல, கடனுக்கு கேப்பாங்க, சொந்த பந்தம், இல்லன்னு சொல்ல முடியாது, கடைசில மூட்டை சக்கரையெல்லாம் நோட்டுல பாக்கியா மாறிடும். அதனால ஆடு செத்தா ஆட்டுக்காரன் மட்டும் இல்ல, கடைக்காரியும் சேர்ந்து ஆட்டம் காணுவா, கொஞ்சம் தாமதமா அவ்ளோ தான். அப்புறம் ஒரு குடியிருப்புக்கு எத்தனை சக்கரை கடை தாங்கும். அதனால மென்டர்கள் ஒருத்தரப் பாத்து ஒருத்தர் அதே கடைய போட விடாம, தோல் வியாபாரம், ஆடு வாங்கி விக்கறது, காஞ்ச மீன், துணி, பாசிமணின்னு பிரிச்சு விடணும், துர்கானா ஏரிக்கரைல மீன் நடக்கும், மலைப்பக்கம் காய்கறி நடக்கும்.

இந்த இடத்துல தான் ரெண்டு கைத்தாங்கல் தேவைப்படுது. ஒண்ணு, கென்யா அரசாங்கத்தோட பசி பாதுகாப்புத் திட்டம், 2009ல மார்சபிட், துர்கானா, வஜீர், மண்டேரா நாலு இடத்துல ஆரம்பிச்சது, ஏழைக் குடும்பத்துக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ கணக்குல பணம் போடறது, பின்னால அது 5,400 ஷில்லிங் வரைக்கும் வந்துச்சு. இந்த காசு வர்ற நாள்ல கடைக்காரிக்கு பாக்கியும் வசூல் ஆகும், இதயும் சேர்த்து தான் பாக்கணும். இன்னொண்ணு கால்நடை இன்சூரன்ஸ், 2010ல மார்சபிட்ல தான் முதல்ல வந்துச்சு, நைரோபில இருக்கற சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் கொண்டு வந்தது. செத்த மாட்ட யாரும் வந்து எண்ண மாட்டாங்க, அவ்ளோ பெரிய பூமியில எண்ணவும் முடியாது, சேட்டிலைட்ல இருந்து மேய்ச்சல் எவ்ளோ பச்சையா இருக்குன்னு பாத்து ஒரு அளவுக்கு கீழ போனா அந்த பகுதில பாலிசி வச்ச எல்லாருக்கும் பணம். குறை என்னன்னா சேட்டிலைட் பகுதி முழுசுக்கும் பச்சைன்னு சொல்லும், உன் ஆடு நின்ன பக்கம் காஞ்சு கிடக்கும், பணம் வராது. ப்ரீமியம் கட்டவும் பலருக்கு முடியல, அதனால 2015ல இருந்து அரசாங்கமே ஏழைக் குடும்பங்களுக்கு கட்டற திட்டமும் வந்துச்சு.

சிலர் கேப்பாங்க, அப்போ கடைசில இவங்கள மேய்ச்சல விட்டு வெளிய கொண்டு வர்றது தான் ஐடியாவான்னு. இல்லவே இல்ல. கடைல லாபம் வந்ததும் நிறைய பெண்கள் முதல்ல வாங்கறது ஆடு தான், இந்த தடவ அது அவங்க பேர்ல இருக்கும், சாகறதுக்குள்ள எப்போ விக்கணும்னு அவங்களே முடிவு பண்ணலாம். மழை நல்லா இருந்தா ஆடு குட்டி போடும், மழை இல்லன்னா கடை கொஞ்ச நாள் தாங்கும், ரெண்டும் ஒரே நாள்ல சாயாது. பாலும் மந்தையும் ஃபோராவுக்கு போனாலும் குடியிருப்புல அடுத்த வேளைக்கு மாவு வாங்க காசு இருக்கும். முதல் தடவையா புருஷன் பொண்டாட்டி கிட்ட கடன் கேக்கறதும் நடக்கும், அது சில வீட்ல சந்தோஷமா போகும், சில வீட்ல சண்டையா போகும். வேலை பளுவும் கூடும், தண்ணி விறகு குழந்தை எதுவும் குறையல, மேல கடை வேற, இத திட்டம் போடறவங்க பல நேரம் கணக்குலயே எடுக்கறதில்ல.

இப்போ பெரிய கேள்வி காசு. வீடு வீடா ஆளு போய் ரெண்டு வருஷம் கூட நிக்கிற திட்டம் மலிவா வராது, அதுலயும் ஒரு குடியிருப்புல இருந்து அடுத்ததுக்கு பல மணி நேர பைக் பயணம் இருக்கற ஊர்ல. செலவ குறைக்கணும்னா முதல்ல வெட்டத் தோணறது மென்டர் வருகைய தான், வெட்டக் கூடாததும் அதையே தான். உலக வங்கிப் பணத்தோட கென்யா அரசாங்கமே இந்த மாடல சில கவுண்டில நடத்திப் பாத்துச்சு, மார்சபிட்டும் அதுல ஒண்ணு. ஆனா வடக்கு கென்யாவுல இந்த மாதிரி வேலைக்கு வந்த காசுல பெரிய பங்கு அமெரிக்க அரசாங்கத்தோட வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டோடது, 2025ல அந்த நிறுவனத்தையே மூடிட்டாங்க. கடை வச்சு ரெண்டு வருஷம் முடிச்சவங்க பெட்டி இன்னும் அவங்க கிட்ட தான் இருக்கும், பாதில நின்னவங்களுக்கு ரெண்டாவது தவணையும் மென்டர் சம்பளமும் யார் தருவாங்கங்கறது தான் அதுக்கப்புறம் எழுந்த கேள்வி.